பழைய போட் இன்ஜின் வாங்கி ஏமாந்தவங்களுக்கு

வணக்கம். சமையலுக்கு நடுவுல ரேடியோ கேக்குற அக்காமாருக்கும், காருல போய்க்கிட்டே கேக்குறவங்களுக்கும், முக்கியமா வீட்டு பின்னாடி ஒரு போட்டை நிறுத்தி வச்சிருக்கிற அண்ணன்மாருக்கும் வணக்கம். இங்க தென்னாப்பிரிக்காவுல பல வருஷம் வக்கீலா இருந்து ரிட்டயர் ஆனவன் நான், இப்ப கோயில் ஹால்ல உக்காந்து ஜனங்களுக்கு கடுதாசி எழுதிக் குடுக்குறேன். அங்க வர்றதுல எனக்கு ரொம்ப வயிறெரியிறது இந்த செகண்ட்ஹேண்ட் போட் இன்ஜின் விஷயம்தான். ஏன்னா வாங்குறவரு பெரும்பாலும் பென்ஷன் பணத்த எடுத்து வாங்குறவரா இருப்பாரு, அப்புறம் அலையத் தாண்டிப் போனதும் இன்ஜின் நின்னா உசுருக்கே ஆபத்து. கார்னா ரோட்டோரமா நிறுத்திக்கலாம், கடல்ல எங்க நிறுத்துறது?

வந்து உக்காந்ததும் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாங்க. "ஐயா, பேப்பர்ல ஃபூட்ஸ்டூட்ஸ்னு எழுதி நான் கையெழுத்து போட்டுட்டேன், இனி ஒண்ணும் பண்ண முடியாதாமே." விக்கிறவன் சொல்லி அனுப்பிச்சத அப்படியே நம்பிட்டு வருவாங்க. இருக்கிறது இருக்கிறபடியே வாங்கிக்கிறேன்னு ஒத்துக்கிறதுதான் ஃபூட்ஸ்டூட்ஸ், சரி. விக்கிறவருக்கே தெரியாத உள்குறை அப்புறமா வெளிய வந்தா அவரு பொறுப்பில்லன்னு அது காப்பாத்தும். ஆனா குறை இருக்குன்னு தெரிஞ்சே வேணும்னு மறைச்சு வித்திருந்தா அது காப்பாத்தாது. இத திருப்பித் திருப்பி சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க: தெரிஞ்சு மறைச்சா காப்பாத்தாது.

ஒரு அண்ணன் கதைய சொல்றேன், பேரு வேண்டாம். தெற்குப் பக்கம், ராக்கி பே கடற்கரையில போட் இறக்குறவரு. ஆன்லைன்ல ஒரு 60 ஹார்ஸ்பவர் அவுட்போர்டு, அதாவது போட்டுக்குப் பின்னாடி மாட்டுற இன்ஜின், விளம்பரம் பாத்தாரு, 18,500 ராண்ட். வாட்ஸ்அப்ல கேட்டிருக்காரு, இது எங்க ஓடின இன்ஜின்னு. "உப்புத்தண்ணியே பாக்காத இன்ஜின், மிட்மார் டேம்ல மட்டும்தான் ஓட்டினோம்"னு பதில் வந்துச்சு. மிட்மார் உள்நாட்டு நல்லதண்ணி அணை. நம்ம ஆளுங்களுக்கு இது எவ்ளோ பெரிய வார்த்தைன்னு தெரியும், உப்பு உள்ள போகாத இன்ஜின்னா இன்னும் பல வருஷம் உழைக்கும்னு அர்த்தம். போய்ப் பாத்தாரு, புதுசா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு, சாவியத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆச்சு. இவரு வர்றதுக்கு முன்னாடியே அத ஓட்டி சூடு பண்ணி வச்சிருந்தாங்கங்கிறது அப்புறம்தான் புரிஞ்சுது (கவரத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஆற விட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க). பணத்தக் குடுத்து, பேப்பர்ல கையெழுத்து போட்டு கொண்டு வந்துட்டாரு.

கடல்ல இறக்கி கொஞ்ச நேரத்துலயே ஹீட் அலாரம் அடிச்சிருச்சு. கரைக்கு எப்படியோ வந்து சேந்தாரு, கடவுள் புண்ணியம். மெக்கானிக் ஹெட்ட கழட்டினா தண்ணி ஓடுற வழி பூரா உப்பு பாறையா அடைச்சிருக்கு, பிஸ்டன் உரசிப் போச்சு, அந்தப் புது பெயிண்டுக்கு அடியில எல்லாம் அரிப்பு. போன் பண்ணா அந்தாளு சொன்னது ஒரே வார்த்தை, ஃபூட்ஸ்டூட்ஸ்.

நான் அந்த அண்ணன்கிட்ட கேட்டேன், உள்ள உப்பு அடைச்சது எனக்குத் தெரியாதுன்னு வித்தவரு சொல்லிட்டுப் போகலாம், ஆனா எங்க ஓட்டினோம்னு தெரியாதுன்னு சொல்ல முடியுமா? இங்கதான் பிடி இருக்கு. விக்கிறவரு "நல்ல இன்ஜின், சூப்பர் இன்ஜின்"னு பொதுவா புகழ்ந்தா அத சட்டம் கண்டுக்காது, எல்லா வியாபாரியும் அப்படித்தான் பேசுவான். ஆனா வாங்குறவன் முடிவு பண்றதுக்காக பொருளோட தரத்தப் பத்தி திட்டமா ஒண்ணு சொல்லி அது பொய்யா இருந்தா, அந்தப் பேச்சுக்கே அவரு பொறுப்பு. 1973-லயே நம்ம அப்பீல் கோர்ட் இத தெளிவா சொல்லியிருக்கு. 2008-ல புளூம்ஃபொன்டெய்ன்ல இருக்கிற அதே அப்பீல் கோர்ட் சொன்னதையும் சேத்து கேளுங்க: ஃபூட்ஸ்டூட்ஸ உடைக்கணும்னா, விக்கிறவருக்குக் குறை தெரியும், ஏமாத்துற எண்ணத்தோடதான் மறைச்சாருன்னு வாங்கினவருதான் நிரூபிக்கணும். பாரம் நம்ம தலையிலதான், அதனாலதான் வாட்ஸ்அப்ப அழிக்காதீங்கன்னு கத்துறேன். விளம்பரத்த ஸ்கிரீன்ஷாட் எடுங்க, வித்ததும் அத எடுத்துருவாங்க. மெக்கானிக் வாயால சொன்னா போதாது, அரிப்பு பழசா புதுசான்னு எழுதி கையெழுத்து போட்டுத் தரச் சொல்லுங்க, கழட்டினத போட்டோ புடிங்க. இன்னொண்ணு, குறை தெரிஞ்சப்புறமும் அந்த இன்ஜினயே ஓட்டிக்கிட்டு இருந்தா, திருப்பிக் குடுத்து முழுப்பணம் கேக்குற உரிமை போயிரலாம், விலையில ஒரு பங்குதான் கேக்கலாம்னு ஆயிரும்.

அந்த அண்ணன் கேஸு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு, அதாவது சின்னத் தொகை வழக்கு கேக்குற கோர்ட்டுக்குப் போச்சு. அங்க ரெண்டு பக்கமும் வக்கீல் பேசக்கூடாது, நானும் வெளியிலதான் உக்காந்திருந்தேன், அவரே பேசினாரு. அவரு மக ஒரு வேல பண்ணிச்சு பாருங்க, விக்கிறவரோட பழைய ஃபேஸ்புக் போஸ்டெல்லாம் தேடி ஒரு போட்டோவ எடுத்திருச்சு. பெரிய கூட்டா மீன, அது கடல் மீன், தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு, முதுகுக்குப் பின்னாடி அதே இன்ஜின், ஸ்டிக்கர் கூட மாறல. அங்க தீர்ப்பு சொல்ற கமிஷனர் கேட்டாராம், மிட்மார்ல கூட்டா எப்ப வந்துச்சுன்னு. இன்ஜின திருப்பி எடுத்துக்கிட்டு பணத்தக் குடுக்கணும்னு தீர்ப்பு, தவணையில வாங்கினாரு. புள்ளைங்க கையில போன் இருக்கிறது இதுக்குத்தான் உதவணும்.

தம்பி கண்ணாடிக்கு அந்தாண்ட வெரல காட்டுறாரு, நேரம் ஆயிருச்சாம், இன்னும் பாதி இருக்கு. வேகமா சொல்றேன், எழுதிக்கோங்க. ஸ்மால் கிளெய்ம்ஸ்ல 2019 ஏப்ரல்ல வரம்ப 15,000-லேந்து 20,000 ராண்டா ஏத்தினாங்க, அதுக்கு மேல உள்ளத விட்டுக்குடுத்துட்டு வரலாம், இல்லன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட். அப்பீல் கிடையாது, அதனால எல்லா பேப்பரையும் முதல் நாளே கொண்டு போங்க. பொதுவா மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். விக்கிறவரு தனி ஆளுன்னு சொல்லிக்கிட்டு மாசாமாசம் இன்ஜின் வாங்கி வாங்கி விக்கிறவரா இருந்தா அது வியாபாரம், கன்சூமர் ப்ரொடெக்ஷன் சட்டம் வரும், ஆறு மாசத்துக்குள்ள குறைன்னு திருப்பிக் குடுக்கலாம், அங்க உங்க பாரம் ரொம்பக் கொறையும், அதனால அவரோட மத்த விளம்பரத்தையும் பாத்து வைங்க. சீரியல் நம்பர் தேச்சு அழிச்சிருந்தா வாங்காதீங்க, வாங்கியிருந்தா போலீஸ்தான்.

கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி முதல்ல வித்தவருக்கு ஒரு கடுதாசி. எவ்ளோ பணம், எதுக்காகன்னு எழுதி, 14 நாள் டைம் குடுத்து, கையில நேரா குடுங்க இல்ல ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க, ரசீத பத்திரமா வைங்க. பணம் வரலன்னா அவரு குடியிருக்கிற ஊரு கோர்ட்டுல ஸ்மால் கிளெய்ம்ஸ் கிளார்க்க கேளுங்க, அவங்களே ஃபாரம் நிரப்ப உதவி பண்ணுவாங்க. சரி தம்பி, முடிச்சிட்டேன். வணக்கம்.