வலது ஓரத்து மாயக்காரர் கரிஞ்சா

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி விளக்கேற்றி வைத்த சிறப்பு விருந்தினர் அவர்களே, எனக்கு முன் அரிய கருத்துகளை வழங்கிய முன்னாள் வீரர்களே, என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கையில் என்னை அழைத்த விழாக் குழுவின் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இளம் ஆட்டக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி நாள் முதல் நான் நேசித்து வரும் பிரேசில் கால்பந்து வீரர் கரிஞ்சாவைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அவருடைய கால்கள். இரண்டு, 1962 உலகக் கோப்பை. மூன்று, அவருடைய கடைசி நாட்கள்.

‘கரும்பு கோணலானாலும் இனிப்பு கோணலாகுமா?’ என்பது பழமொழி. பிரேசிலில் பாவ் கிராண்டே என்ற நெசவாலை ஊரில் 1933-இல் பிறந்த இந்த மனிதரின் கால்கள் இரண்டும் ஒரே பக்கமாக வளைந்தவை. ஒரு கால் மற்றதைவிடச் சுமார் 6 சென்டிமீட்டர் குட்டை. அவரைப் பார்த்து யார் ‘ஆட்டக்காரர்’ என்று சொல்லியிருப்பார்கள்? சொன்னவர் ஒருவர் இருந்தார். 1953-இல் போட்டாஃபோகோ கழகத்தின் தேர்வில், பிரேசில் அணியின் தடுப்பாட்டக்காரர் நில்டன் சாண்டோஸையே கரிஞ்சா ஏமாற்றிக் கடந்து போனார். கடக்கப்பட்டவர் சினம் கொள்ளவில்லை. இவரை உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கழகத்தாரிடம் வற்புறுத்தினார். பெருந்தன்மை என்றால் அதுதான் ஐயா!

இனி, 1958 ஜூன் 15. சுவீடனின் கோதன்பர்க் நகரில் உலகக் கோப்பை ஆட்டம். இந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். போட்டிக்கு முன் பிரேசில் அணிக்கு வந்த உளவியலாளர் வீரர்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்தார். கரிஞ்சா மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றார். பதினேழு வயதுப் பெலே இன்னும் குழந்தைத்தனம் நீங்காதவர் என்றும் அந்த உளவியலாளர் கருதினார். முதல் இரண்டு ஆட்டங்களில் இருவருமே ஆடவில்லை. இரண்டாவது ஆட்டம் இங்கிலாந்துடன் கோலே இல்லாமல் முடிந்தது. மூன்றாவதாக எதிரே நின்றது சோவியத் அணி. கோல் வாயிலில் லெவ் யாஷின். அன்றுதான் இருவரையும் இறக்கினார்கள். நடுவர் விசில் ஊதினார். பந்து வலது ஓரத்துக்குப் போனது. கரிஞ்சா நின்றார், எதிரில் சோவியத் தடுப்பாட்டக்காரர் குஸ்னெட்சோவும் நின்றார். உடல் இடப்பக்கம் சாய்ந்தது, பந்து வலப்பக்கம் போனது. எல்லாருக்கும் தெரிந்த ஒரே வித்தைதான், தடுக்கத்தான் ஆளில்லை! அடித்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. அடுத்துப் பெலே அடித்ததும் கோல் சட்டத்தில் பட்டது. மூன்றாவது நிமிடத்தில் பிரேசிலின் வாவா கோல் போட்டுவிட்டார்! அரங்கம் மூச்சுவிட மறந்த அந்த மூன்று நிமிடங்களைக் கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த நிமிடங்கள் என்று போற்றியவர்கள் உண்டு. எழுத்துத் தேர்வில் தோற்றவர்தான் இதைச் செய்தார். கரும்பு கோணலானாலும் இனிப்பு கோணலாகுமா?

அன்று முதல், பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய ஓர் ஆட்டத்தில்கூடப் பிரேசில் தோற்றதில்லை.

1962-க்கு வருகிறேன். பெலே காயத்தால் விலகினார். கரிஞ்சா காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். கோப்பை பிரேசிலுக்கே வந்தது. விரிவாகப் பேச ஆசைதான். ஆனால் அதைவிட அவசரமான ஒன்று என் நெஞ்சில் இருக்கிறது.

இன்று பயிற்சிக் கழகங்களின் தேர்வு நாளில் நடப்பது என்ன? பந்தைத் தொடுமுன்பே சிறுவனின் உயரத்தை அளக்கிறார்கள். ஓட்டத்துக்குக் கடிகாரம் பிடிக்கிறார்கள். குட்டையானவன், ஒல்லியானவன், நடை கோணியவன் எல்லாம் ஓரமாக ஒதுக்கப்படுகிறார்கள். இது அநியாயம்! அளவுகோல் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதை முதலில் வைக்காதீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் முதலில் ஒரு முழு ஆட்டம் ஆடக் கொடுங்கள், பிறகு அளந்துகொள்ளுங்கள். எதிராளியைத் தனியாகக் கடக்கத் துணியும் குழந்தையைப் ‘பந்தைக் கொடுத்துவிடு’ என்று அதட்டாதீர்கள். இதற்காகத்தான் சென்ற இடமெல்லாம் பேசி வருகிறேன்.

மூன்றாவது செய்தியைச் சொல்ல நேரமில்லை; தலைவர் மணியடித்துவிட்டார். 1983-இல், 49 வயதில், மதுவின் பிடியில் கரிஞ்சா இறந்தார் என்பதோடு நிறுத்துகிறேன். அவர் கல்லறையில் அவரை ‘மக்களின் மகிழ்ச்சி’ என்று பொறித்திருக்கிறார்கள்.

தேர்வு முறையை மாற்றக் கோரும் மனு வாயிலருகே உள்ள மேசையில் இருக்கிறது. பெற்றோர்களும் பயிற்சியாளர்களும் அருள்கூர்ந்து படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுச் செல்ல வேண்டுகிறேன். வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கு நன்றி, வணக்கம்.