கடைசி நாள், கடைசி 20 நிமிடம்: ஜோ தாம்சன் போட்ட அந்த ஒரு கோல்

[திரையில்: புள்ளிப் பட்டியலின் அடிப்பகுதி]

2018 மே 5, சனிக்கிழமை. இங்கிலாந்துக் கால்பந்தின் மூன்றாம் பிரிவான லீக் ஒன்னுக்கு அன்றுதான் கடைசி நாள். காலையில் பட்டியலைப் பார்த்தால் ஓல்டம் 49 புள்ளி. அதற்கு அடுத்த வரியில் ராச்டேல் 48 புள்ளி. இரண்டில் ஒன்று பிழைக்கும், இன்னொன்று நான்காம் பிரிவுக்கு இறங்கும். ராச்டேல் தன் சொந்த மைதானத்தில் சார்ல்டனோடு ஆடுகிறது. இடைவேளை தாண்டியும் கோல் விழவில்லை. இன்னும் சுமார் 20 நிமிடம் இருக்கும்போது, மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த ஒரு நடுக்கள வீரர் கோல் போடுகிறார்.

அவர் பெயர் ஜோ தாம்சன். வயது 29. அதற்குப் பதினோரு மாதம் முன்புதான் மருத்துவர்கள் அவரிடம் "உங்கள் உடம்பில் இப்போது புற்றுநோய் இல்லை" என்று சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தையை அவர் கேட்டது அது இரண்டாவது முறை.

வணக்கம் மக்களே. மெஸ்ஸி, ரொனால்டோ பற்றி ஆயிரம் வீடியோ இருக்கிறது. இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத ஒருவரைப் பார்க்கப் போகிறோம். கடைசிவரை இருங்கள், அந்த கோலின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் பின்னணி. இதை வேகமாக முடித்துவிடலாம். 1989-இல் பாத் நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே வடக்கே ராச்டேலுக்கு வந்துவிட்டார். ஒன்பது வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமி அவரைச் சேர்த்துக்கொண்டது. பதினாறு வயதில், வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. இப்படி வெளியே வரும் பையன்களில் பெரும்பாலோர் கால்பந்தையே விட்டுவிடுவார்கள். தாம்சனை ஊர் கிளப் எடுத்துக்கொண்டது.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பழைய பஞ்சாலை ஊர் ராச்டேல். 1844 டிசம்பரில் அங்கே டோட் லேன் என்ற தெருவில், 28 பேர் காசு சேர்த்து ஒரு சின்ன மளிகைக் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவர்த்தி. அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லாத பொருள், சரியான எடை, லாபத்தில் உறுப்பினர்களுக்குப் பங்கு. உலகக் கூட்டுறவு இயக்கத்தின் தாய்க்கடை அதுதான். 1904-இல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலைக்கும் இந்த ராச்டேல் கடைதான் முன்மாதிரி. கூட்டுறவு அங்காடி வரிசையில் நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த ஊருக்கும் உங்களுக்கும் ஏற்கெனவே உறவு இருக்கிறது!

சரி, கால்பந்துக்கு வருவோம். ராச்டேல் கிளப் 1974-இல் லீக்கின் கடைசிப் பிரிவான நான்காம் பிரிவுக்கு இறங்கியது. அங்கேயே 36 வருடம் உட்கார்ந்துவிட்டது. மேலேயும் போகவில்லை, லீக்கை விட்டு வெளியேயும் விழவில்லை. அந்தப் பிரிவையே "ராச்டேல் டிவிஷன்" என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்தார்கள். அப்பா பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். அணி மட்டும் அதே பிரிவில்.

2010-இல் அந்தப் பூட்டு உடைந்தது. பயிற்சியாளர் கீத் ஹில்லின் அணி மேலே ஏறியது. 1969-க்குப் பிறகு அந்த கிளப்புக்குக் கிடைத்த முதல் ஏற்றம். அந்த அணியில் 21 வயது தாம்சனும் இருந்தார். கீத் ஹில் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இந்தப் பிரிவுகளில் நடுக்கள வீரர் வேலை என்றால் என்ன? வருடத்துக்கு 46 லீக் ஆட்டம். அதற்கு மேல் கோப்பை ஆட்டங்கள். சனிக்கிழமை மதியம் ஆடிவிட்டு, செவ்வாய் இரவு மழையில் இன்னொரு ஊரில் ஆட வேண்டும். ஜனவரி வந்தால் மைதானத்தின் நடுப்பகுதியில் புல்லைவிட சேறு அதிகம். அந்தச் சேற்றில் மேலேயும் கீழேயும் ஓடிக்கொண்டே இருப்பவர்தான் நடுக்கள வீரர். ஒப்பந்தம் ஒரு வருடம், கிடைத்தால் இரண்டு. மே மாதம் வந்தால் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப் பட்டியல் போடும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்தப் பட்டியலைப் பொறுத்தது. முதல் பிரிவான பிரீமியர் லீக்கின் சம்பளத்தை மனதில் வைத்துக்கொண்டு இவர்களைப் பார்க்காதீர்கள்.

2012-இல் தாம்சன் ட்ரான்மியர் ரோவர்ஸுக்குப் போனார். 2013-இல் அங்கேதான் முதல் அடி: ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா.

நம் வீடுகளில் "கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது" என்பார்களே, அந்த நெறிதான் நிணநீர்க்கணு. கிருமி வந்தால் சண்டை போடும் வெள்ளணுக்கள் தங்கும் இடம். சளி, காய்ச்சலுக்குக் கட்டும் நெறி சில நாளில் வடிந்துவிடும். அந்த வெள்ளணுக்களே புற்றாக மாறினால் அது லிம்ஃபோமா. அதில் ஒரு வகையை 1832-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்தார், அதனால் அவர் பெயர். இந்த வகை இளம் வயதுக்காரர்களுக்கு அதிகம் வரும். பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்திக்கூட இதைக் கேளுங்கள்: கழுத்திலோ அக்குளிலோ கட்டிய நெறி இரண்டு, மூன்று வாரமாகியும் வடியவில்லை என்றால், இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வேர்த்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கீமோ எடுத்தார், 2014-இல் குணமானார். அப்புறம் பெரி கிளப், இரவலாக ரெக்ஸம், சவுத்போர்ட், அதற்குப் பிறகு கார்லைல். 2016-இல் திரும்பவும் ராச்டேல். அங்கே பயிற்சியாளர் யார்? அதே கீத் ஹில்.

2017 மார்ச்சில் நோய் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம். இந்த நோய் திரும்பி வந்தால் வழக்கமான கீமோ மட்டும் பெரும்பாலும் போதாது, ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்குப் போவார்கள். தாம்சனுக்கும் அதுதான் நடந்தது. பெயரைக் கேட்டால் பெரிய ஆபரேஷன் போல இருக்கும். கத்தியே கிடையாது. ஸ்டெம் செல் என்றால் ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல். முதலில் நோயாளியின் ரத்தத்திலிருந்தே அந்த செல்களைப் பிரித்து எடுத்து உறைய வைப்பார்கள். பிறகு மிகக் கடுமையான அளவில் கீமோ கொடுப்பார்கள். புற்று அழியும், கூடவே எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடமான மஜ்ஜையும் காலியாகும். வயலில் களையை எரிக்கப் போய் பயிரும் சேர்ந்து எரிவது போல. அந்த நிலையில், முன்பே எடுத்து வைத்த விதைநெல்லைத் திரும்ப விதைக்கிறார்கள். உறைய வைத்த செல்களை உருக்கி, ட்ரிப்ஸ் ஏற்றுவது போலவே ரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள். அவை ரத்தத்தில் மிதந்து, யாரும் வழி காட்டாமல் தாங்களே எலும்புக்குள் போய்ச் சேர்ந்து புது ரத்தம் உண்டாக்கத் தொடங்கும். இதைப் படித்த அன்று நான் நாலைந்து பேரைக் கூப்பிட்டுச் சொன்னேன்!

புது ரத்தம் ஊறும்வரை உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய பூஜ்யம். சாதாரணச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடும். அதனால் தனி அறை. எதிர்ப்புச் சக்தி முதலிலிருந்து தொடங்குவதால் பழைய தடுப்பூசிகளின் பலனும் பெருமளவு போய்விடும். கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிகளை வளர்ந்த ஆள் மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும். தொழில்முறைக் கால்பந்து வீரருக்கு இது என்ன என்று யோசித்துப் பாருங்கள். 90 நிமிடம் ஓடவைப்பது ரத்தத்தில் இருக்கும் சிவப்பணுக்கள். அந்த ரத்தத்தை உண்டாக்கும் இடத்தையே காலி செய்துவிட்டு, சில மாதத்தில் அவர் ஓட வேண்டும்.

ஜூன் மாதம் நல்ல செய்தி வந்தது. டிசம்பரில் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். இதை அதிசயம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் செய்த வேலை, காலியான உடம்பை வைத்துக்கொண்டு அவர் தினமும் எடுத்த பயிற்சி, எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் மறைத்துவிடுகிறது.

அந்த சீசனில் ராச்டேலுக்கு, எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பை நன்றாகப் போனது. பிரீமியர் லீக் அணியான டாட்டன்ஹாமைக்கூட 93-ஆவது நிமிட கோலில் 2-2 என்று நிறுத்தினார்கள், மறு ஆட்டத்தில் 6-1 என்று தோற்றார்கள். லீக்கில் மட்டும் அடிமட்டத்தில் கிடந்தார்கள்.

[திரையில்: பட்டியல் மறுபடியும்]

இப்போது கணக்கு. ஐபிஎல்லில் கடைசி இடம் வந்த அணிக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அடுத்த வருடம் அதே மஞ்சள், அதே நீலம், அதே எதிரணிகள். லீக் ஒன்னில் 24 அணிகளில் கடைசி நான்கும் கீழே போயாக வேண்டும். அதாவது 21-ஆவது இடம் என்றால் கதை முடிந்தது. அன்று காலை 21-ஆவது இடத்தில் இருந்தது ராச்டேல்.

ஓல்டம் பக்கத்து ஊர். ஒரு ஊர் பிழைக்க இன்னொரு ஊர் விழ வேண்டும். ஓல்டம் அன்று நார்தாம்ப்டனில் 2-2 என்று சமன் செய்தது. ஒரு புள்ளி சேர்ந்து 50. ராச்டேல் ஆட்டம் கோலில்லாமல் முடிந்திருந்தால் ராச்டேலுக்கும் ஒரு புள்ளி சேரும், 49. கீழே போயிருக்கும். தாம்சன் கோல் போட்டார், 1-0. வெற்றிக்கு மூன்று புள்ளி. 48-உம் 3-உம் 51. ராச்டேல் 20-ஆவது இடம், ஓல்டம் 21.

46 ஆட்டம், ஒன்பது மாதம், எல்லாம் முடிந்த பிறகு இடைவெளி ஒரே புள்ளி. அதைக் கொண்டுவந்தது அந்த ஒரு கோல். நூலிழை என்று சொல்வார்களே, அந்த நூலை எடுத்துக் கோத்தவர் இவர். இன்னொன்றும் பாருங்கள். அன்று பட்டியலில் கடைசி, 24-ஆவது இடம், 36 புள்ளி. யார் தெரியுமா? முதல் நோய் குணமான பிறகு தாம்சனைச் சேர்த்துக்கொண்ட அதே பெரி கிளப்.

இறங்கினால் என்ன, மறுபடி ஏறலாமே என்று கேட்பீர்கள். பெரி மறு வருடமே ஏறியது. ஆனால் பணமில்லாமல் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 125 வருட உறவு ஒரே நாளில் முறிந்தது. பிரீமியர் லீக் தொடங்கிய 1992-இல் அதில் ஆடிய ஓல்டம், 2022-இல் நான்காம் பிரிவிலிருந்தும் விழுந்தது. திரும்ப ஏற 2025 ஆனது. ராச்டேலும் தப்பவில்லை, 2023-இல் அதன் 102 வருட லீக் வாழ்க்கை முடிந்தது. தாம்சனின் கோல் அந்த ஊருக்கு நிரந்தரப் பாதுகாப்பு எதுவும் தரவில்லை. மூன்றாம் பிரிவில் இன்னொரு வருடம் தந்தது. அடிமட்டக் கிளப்பின் ரசிகரைக் கேட்டுப் பாருங்கள், இன்னொரு வருடம் என்றால் என்ன என்று அவர் சொல்வார்.

தாம்சனின் உடம்பு அதற்குப் பிறகு ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை எடுத்த கடும் சிகிச்சையின் தாக்கம் தங்கிவிட்டது. 2019 ஜனவரியில், 29 வயதில் ஓய்வு அறிவித்தார். ராச்டேலுக்காக மட்டும் 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். பிறகு ஊர் ஊராகப் போய்த் தன் அனுபவத்தைப் பேசினார். 2024-இல் நோய் மூன்றாவது முறை வந்தது. 2025 ஏப்ரல் 17 அன்று காலமானார். 36 வயது. மனைவியும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள்.

இதைப் பதிவு செய்யும்போது இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்த கோலின் வீடியோ இணையத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், சத்தத்தைக் குறைக்காமல் பாருங்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு ஆட்டக்காரர் இருந்தால், கபடியோ கைப்பந்தோ எதுவானாலும், கமெண்டில் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன். அடுத்த வீடியோவில் டோனி ஃபோர்ட். 931 லீக் ஆட்டம் ஆடியவர். 1975-இல் 16 வயதில் தொடங்கினார், 2001-இல்தான் நிறுத்தினார். அவர் கடைசியாக ஆடிய கிளப்பும் ராச்டேல்தான்.