அந்த முடிவை எடுத்தது யார்?

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் பல வருடங்களாகக் குடியிருக்கும் நாம் கவுன்சில் வரி கட்டுகிறோம், ஓட்டும் போடுகிறோம். ஆனால் கவுன்சில் கூட்டத்தில் பார்வையாளராகப் போய் உட்கார்ந்தவர்கள் நம்மில் குறைவு. நான் முதல் தடவை போனது, எங்கள் தெருவில் வண்டி நிறுத்தக் கட்டண அனுமதி வரப்போகிறது என்று கேள்விப்பட்டு. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன், அந்தப் பேச்சே எழவில்லை. வெளியே வரும்போது ஒரு கவுன்சிலரிடம் கேட்டேன். "அது போன மாதமே அதிகாரி மட்டத்தில் முடிந்துவிட்டதே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் ஓட்டுப் போட்டது இவருக்கு, முடிவெடுத்ததோ எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர்!

அந்தக் கோபத்தில் பாதி நியாயமில்லாதது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லாக் கவுன்சிலர்களும் சேர்ந்து உட்காரும் முழு மன்றம் வருடத்துக்குச் சில தடவைதான் கூடும். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்ட நீங்கள் விண்ணப்பித்தால், பொதுவாக எட்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். எல்லா விண்ணப்பங்களும் மன்றத்தின் முன் வந்தால் எதுவும் நகராது. அதனால்தான் இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் 10-ல் 9-க்கும் மேல் அதிகாரிகளே முடிவு செய்கிறார்கள். இதற்கு அடிப்படை 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு. கவுன்சில் தன் வேலையைக் கவுன்சிலர்கள் சிலர் சேர்ந்த ஒரு குழுவிடமோ, துணைக்குழுவிடமோ, அதிகாரியிடமோ, இன்னொரு கவுன்சிலிடமோ ஒப்படைக்கலாம். மன்றம் தடுக்காதவரை, குழுவும் தன்னிடம் வந்ததை ஒரு படி கீழே தரலாம். கவுன்சில் வரியை நிர்ணயிப்பது போன்ற சிலவற்றை மட்டும் முழு மன்றமே செய்ய வேண்டும்.

முக்கியமான ஒன்று: ஒப்படைத்துவிட்டதால் அதிகாரம் கைவிட்டுப் போவதில்லை. அதே விஷயத்தில் மன்றம் தானே முடிவெடுக்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சாவியை ஒருவர் கையில் கொடுத்தாலும் வீடு மன்றத்துடையதுதான்.

யாரிடம் ஒப்படைக்கலாம் என்று 101-ஆம் பிரிவு சொல்லும் பட்டியலில் யார் இல்லை என்று கவனித்தீர்களா? தனி ஒரு கவுன்சிலர் இல்லை. குழுவின் தலைவராகவே இருந்தாலும் அவர் தனியாக முடிவெடுக்க முடியாது. ஹில்லிங்டன் கவுன்சிலில் இது நடந்தது. கட்டட விதிமீறல் நடவடிக்கை ஒன்றுக்கு, கட்டட அனுமதிகளைப் பார்க்கும் திட்டக் குழுவின் தலைவர் தனியாக ஒப்புதல் தந்தார். 1986-ல் நீதிமன்றம் ஒரே ஆளைக் குழு என்று சொல்ல முடியாது என்றது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த கேபினட் முறையில், அதாவது கவுன்சிலர்களில் ஒரு சிறு குழு அமைச்சரவை போல நிர்வாகத்தை நடத்தும் முறையில், கேபினட் உறுப்பினர் தனியாக முடிவெடுக்க வழி உண்டு, அது வேறு கதை. அங்கேயும் கட்டட அனுமதி கேபினட்டின் கைக்குப் போகாது.

சரி, அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, பின்னாலிருந்து தலைவர் ஆட்டி வைத்தால்? வேல்ஸில் போர்ட் டால்பட் வழக்கு இதைப் பற்றியது. ஒரு கவுன்சிலருக்கு வரிசையை மீறிக் கவுன்சில் வீடு ஒதுக்கப்பட்டது. காகிதத்தில் முடிவு அதிகாரியுடையது, குழுத் தலைவரைக் கலந்து எடுத்தது. உண்மையில் தலைவரின் அழுத்தத்துக்கு அதிகாரி பணிந்திருந்தார். நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. கலந்து பேசலாம், ஆனால் முடிவு அதிகாரியின் சொந்த முடிவாக இருக்க வேண்டும். இந்தத் தீர்ப்பை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "அண்ணனிடம் சொன்னால் அதிகாரியிடம் பேசி முடித்துத் தருவார்" என்ற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அது நமக்கே ஆபத்து.

இனி, என் கோபத்தின் நியாயமான பாதி. ஒப்படைப்பதில் தவறில்லை, கண்ணுக்குத் தெரியாமல் ஒப்படைப்பதுதான் தவறு. இதன் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. 1908-ல் மன்றக் கூட்டங்களுக்குப் பத்திரிகையாளர்கள் வர உரிமை வந்தது. உடனே சில மன்றங்கள் தங்களையே "குழு" என்று மாற்றிக்கொண்டு கதவைச் சாத்தின. அந்த ஓட்டையை அடைக்க 1960-ல் ஒரு தனிநபர் மசோதா, அதாவது அரசு அல்லாமல் ஓர் உறுப்பினரே கொண்டுவரும் மசோதா, வந்து சட்டமானது. கொண்டுவந்தவர் பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர், நாடாளுமன்றத்தில் அவருடைய முதல் பேச்சே இதைப் பற்றித்தான். அப்புறம் 1972-ல் எல்லாக் குழுக்களும் திறந்தன, 1985-ல் துணைக்குழுக்கள். கேபினட்டின் கதவு 2012-ல்தான் அகலத் திறந்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் அறை திறக்க, முடிவுகள் அடுத்த அறைக்குப் போயின, சட்டம் பின்னாலேயே நடந்துபோனது.

கடைசி அறை அதிகாரியின் மேசை. அங்கே கூட்டமே கிடையாது, கதவு எங்கே திறப்பது? அதனால் 2012-லும் 2014-லும் வந்த விதிகள் எழுத்துப் பதிவைக் கேட்கின்றன. ஓர் அனுமதி, ஒருவருடைய உரிமை, பெரிய செலவு என்று பாதிக்கிற முடிவானால், தேதி, முடிவு, காரணம், பரிசீலித்து ஒதுக்கிய மாற்று வழிகள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். இரகசியத் தகவல் இருந்தால் மட்டும் விலக்கு.

எந்தப் பதவிக்கு எந்த அதிகாரம் என்ற பட்டியலும் இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சிலும் "அரசியலமைப்பு" என்று ஓர் ஆவணம் வைத்திருக்க வேண்டும், பட்டியல் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள். படிக்கச் சுகமில்லை. ஆனாலும் படியுங்கள், அதிகாரம் அங்கேதான் கைமாறுகிறது.

எங்கள் தெருவுக்கு வருகிறேன். அந்தப் பதிவைக் கேட்டு வாங்கினேன். ஒன்றரைப் பக்கம். "மாற்று வழிகள்" என்ற இடத்தில் ஒரே வரி: எதுவும் பரிசீலிக்கப்படவில்லை. அதை நகலெடுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். பதினொரு பேர் கையெழுத்திட்டோம். எங்கள் கவுன்சிலர் அதை, எடுத்த முடிவுகளை ஆராயும் கவுன்சிலர்களின் மேற்பார்வைக் குழுவுக்கு எடுத்துப் போனார். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பேச மூன்று நிமிடம் தந்தார்கள். அந்த அதிகாரியும் எதிரே உட்கார்ந்திருந்தார், அன்றுதான் அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.