மாலைப் படகில் மரபிசை மலர்கிறது!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"சாவோ பிரயா ஆற்றின் மாலை விருந்துப் படகுகளில் தாய்லாந்தின் மரபிசை மலர்கிறதா, மங்குகிறதா?" என்று தலைப்பைக் கொடுத்து, பாங்காக்கில் பிழைக்க வந்த எங்களையே இரண்டாகப் பிரித்து மோதவிட்டிருக்கிறீர்கள். நான் மலர்கிறது என்கிற கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் வெளுத்து வாங்கினார். கைதட்டலும் அள்ளினார். அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "ஒருத்தன் இறால் உரிக்கிறான். இன்னொருத்தன் செல்ஃபி எடுக்கிறான். மூலையில் ஒரு கலைஞர் யாருக்கோ வாசிக்கிறார். இசையைத் தொட்டுக்கிற சட்னி ஆக்கிவிட்டார்கள்."

சட்னி! நல்ல வார்த்தை. அந்தச் சட்னியை முதலில் அரைத்தது யார் தெரியுமா அண்ணே? ஒரு ராஜா.

1809 முதல் 1824 வரை இந்த நாட்டை ஆண்ட இரண்டாம் ராமா. இங்கே 'ஹே ருவா' என்று ஒரு பாட்டு உண்டு. அரச படகுகளில் துடுப்புப் போடுகிறவர்கள் தாளம் தப்பாமல் வலிப்பதற்காகப் பாடுவது. அரச படகு ஊர்வலம் நடந்தால் இன்றைக்கும் இந்த ஆற்றில் அதைக் கேட்கலாம். பாங்காக்குக்கு முன்னால் அயுத்தயா தலைநகராக இருந்த காலத்திலேயே தம்மதிபேட் என்ற இளவரசர் அதை இலக்கியமாக்கிவிட்டார். இரண்டாம் ராமா அதே படகுப் பாட்டு யாப்பை எடுத்தார். எதைப் பாடினார்? போரையா? வெற்றியையா? இல்லை நடுவர் அவர்களே, சாப்பாட்டைப் பாடினார்! முதல் வரியே மஸ்ஸமன் குழம்பு. சீரகம் மணக்கும், காரம் சுள்ளென்று ஏறும் என்று தொடங்கி, கறி, இனிப்பு என்று பந்தியே விரித்திருக்கிறார். தன் ராணியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து பாடியது என்று சொல்வார்கள். முன் வரிசைக் கணவன்மார்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். உப்பு குறைவு என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு பாட்டு எழுதிப் பார்க்கலாம்.

ஆக, படகு, பாட்டு, சாப்பாடு மூன்றையும் ஒரே இலையில் பரிமாறியது போன வருஷம் வந்த சுற்றுலா ஏஜென்சி இல்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய அரச கவிஞர்.

கவிஞர் மட்டுமா? கை தேர்ந்த வாத்தியக்காரர். ஸோ ஸாம் ஸாய் என்று மூன்று தந்தி வைத்த வில் வாத்தியம், அதை அவரே வாசிப்பார். அதன் குடத்துக்குச் சாதாரணக் கொட்டாங்கச்சி ஆகாது, மூன்று பக்கம் புடைத்த கொட்டாங்கச்சி வேண்டும். அது கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படிக் காய்க்கிற தென்னை நிற்கும் தோப்புக்கு வரியே வேண்டாம் என்று தள்ளுபடி செய்தார் என்பார்கள். இன்றைக்கு எந்த நாட்டு நிதி அமைச்சராவது வாத்தியத்துக்காக வரியை விட்டுக்கொடுப்பாரா?

இப்போது படகில் ஏறுங்கள். சாத்தோர்ன் துறையில் ஏறினால் மெமோரியல் பாலத்தைத் தாண்டியதும் இடக்கைப் பக்கம் சாந்தா குரூஸ் மாதா கோயில், அப்புறம் வாட் கல்யாணமித் கோயில், அடுத்து வாட் அருண் கோயில். சீனப் பீங்கான் துண்டுகள் பதித்த அந்தக் கோபுரத்தில் விளக்கு வெளிச்சம் விழும்போது சாப்பிடுகிறவன்கூட முள்கரண்டியைக் கீழே வைப்பான். அந்தக் கோபுரத்தைப் பெரிதாக எழுப்பத் தொடங்கியதே இரண்டாம் ராமாதான். அவர் மகன் காலத்தில் முடிந்தது. அவருடைய அஸ்தியும் அங்கேதான், மூலப் புத்தர் சிலையின் பீடத்தில் இருக்கிறது. சாப்பாட்டைப் படகுப் பாட்டில் பாடிய மனிதர் வாசலைத் தாண்டி, தட்டில் மஸ்ஸமன் குழம்போடு, அவர் நேசித்த இசையைக் கேட்டுக்கொண்டு ஒரு படகு போகிறது. இதில் மரபு எங்கே மங்கிற்று? எனக்கு விளங்கவில்லை.

ராஜாவை விடுங்கள். குடியானவர்கள் என்ன செய்தார்கள்? மழை ஓய்ந்து வெள்ளம் வயலெல்லாம் நிற்கிற மாதங்களில், நிலா வெளிச்சத்தில், ஆண்கள் ஒரு படகு, பெண்கள் ஒரு படகு. அவன் ஒரு அடி போட, அவள் எதிரடி போட, விடிய விடிய நடக்கும். அதற்குப் பெயரே பிளேங் ருவா, படகுப் பாட்டு. பெரிய இடத்துக்காரர்கள் 'சக்கவா' என்று கவிதைப் போட்டி நடத்தினார்கள், அதுவும் படகில்தான். சரியாகச் சொன்னால் அதுவும் ஒரு பட்டிமன்றம்தான். எதிரணியைத் தண்ணீரில் தள்ளிவிடும் வசதிகூட உண்டு.

இந்த நாட்டு இசை தண்ணீரில் வளர்ந்தது அண்ணே. குளிர்பதன அரங்கத்தில் நாற்காலி போட்டு, இருமினால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் பிற்பாடு வந்தது. பாருங்கள், மஹோரி என்று ஒரு வாத்தியக் குழு வகை இருக்கிறது. தந்தி, குழல், சன்னமான ஒலி. அரண்மனை விருந்துகளிலும் கல்யாண வீடுகளிலும் வாசிப்பதற்கென்றே வளர்ந்தது அது. விருந்துக்குப் பிறந்த இசையை விருந்தில் வாசித்தால் அவமானம் என்றால் எப்படி?

நம்ம ஊரையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடுவோம். திருவாரூர் கமலாலயத்தில் தெப்பம் சுற்றும்போது தெப்பத்தின் மேலேயே நாகசுரக் கச்சேரி நடக்கும். தண்ணீரில் மிதக்கிறது என்பதற்காக நாகசுரம் நனைந்தா போய்விட்டது? கல்யாணத்தில் வித்வான் தோடியில் உருகிக்கொண்டிருப்பார், நாம் பந்தியில் "பாயசம் இந்தப் பக்கம் வரலையே" என்று கத்திக்கொண்டிருப்போம். இங்கே சீலோம் மாரியம்மன் கோயிலில் விஜயதசமிக்கு அம்மன் தெருவில் இறங்கும்போது மேளச் சத்தம் நடைபாதைக் கடைக்காரன் காதிலும்தான் விழுகிறது. அங்கெல்லாம் வராத தீட்டு, தாய் வாத்தியம் படகில் ஏறினால் மட்டும் வந்துவிடுமா?

அடுத்த குற்றச்சாட்டு கனமானது. அதை நான் லேசாகத் தாண்டமாட்டேன். "முழு உருப்படி வாசிப்பதில்லை, அஞ்சு நிமிஷத்தில் நறுக்கிக் கொடுக்கிறார்கள்" என்றார் எதிரணி அம்மா. அம்மா, நறுக்குவதற்கே இந்த இசையில் இலக்கணம் இருக்கிறது! ஒரே மெட்டை மூன்று அளவில் வைத்திருக்கிறார்கள். 'ஸாம் சான்' என்றால் விரித்து, நிதானமாக. 'ஸோங் சான்' என்றால் நடுத்தரம். 'சான் தியாவ்' என்றால் சுருக்கி, விறுவிறுவென்று. மூன்றையும் அடுக்கி வாசித்தால் அதற்குத் 'தாவ்' என்று பெயர்.

அடுத்த முறை படகில் போனால், ராநாட் என்ற மரக்கட்டை வாத்தியம் வாசிப்பவரின் கை வேகத்தில் மயங்கிவிடாதீர்கள். பக்கத்தில் ஓர் ஆள் சின்னதாக இரண்டு வெண்கலக் கிண்ணிகளைக் கயிற்றில் கோத்து வைத்திருப்பார், நம் ஜால்ரா மாதிரி. அதுதான் 'சிங்'. திறந்து தட்டினால் 'சிங்' என்று இழுத்து ஒலிக்கும். மூடித் தட்டினால் 'சாப்' என்று அடங்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். அகலமாக இருந்தால் ஸாம் சான். நெருங்கி வந்தால் சான் தியாவ். படகு எந்தப் பாலத்தை நெருங்குகிறது, அடுத்த சாப்பாட்டுத் தட்டு எப்போது வரும் என்பதையெல்லாம் பார்த்து, நடுத்தர அளவை எடுத்து வாசிக்கிறார்கள். இதற்குப் பெயர் நறுக்கல் இல்லை அம்மா, கச்சேரி தர்மம். இடம் பொருள் ஏவல் தெரிந்த வித்வான் எங்கேயும் அப்படித்தான் வாசிப்பார்.

எஞ்சின் சத்தம் இடிக்கிறது என்றீர்கள். இடிக்கத்தான் செய்கிறது. பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் போனால் அலையில், கிம் என்ற தந்திப் பெட்டி வாத்தியம் வாசிக்கும் பெண் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூங்கில் குச்சியைத் தட்டுகிறாள். நானே பார்த்தேன். ஒரு தட்டு தவறியது. சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றில் சேர்ந்துகொண்டாள். அது மங்கலா?

காசு அதிகம் என்றீர்கள். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் பாட் ஆகிறது, உண்மை. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் வந்து இறங்கினால் யாருக்கும் வலிக்கும். அது இசையின் குற்றமில்லை, சொந்தத்தின் குற்றம்.

அப்படித்தான் என் மாமியார் வந்தார். சுத்த சைவம். நான் முன்கூட்டியே படகுக்காரரிடம் 'ஜே' சாப்பாடு என்று அழுத்திச் சொல்லிவிட்டேன். சும்மா "காய்கறி" என்று சொன்னால் மீன் சாறு ஊற்றிய காய்கறி வரும். புதிதாக வந்தவர்களுக்கு இதை உபரித் தகவலாகச் சொல்லிவைக்கிறேன். சாப்பாடு முடிந்து ஆட்டம் தொடங்கிற்று. வெள்ளை முகமூடியில் அனுமார் வந்தார். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து மீன் வால் கட்டிய ஒரு பெண் வந்தாள். அனுமார் அவளைத் துரத்தினார், கொஞ்சினார், கையைப் பிடித்தார். மாமியார் கன்னத்தில் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. "என்னடி இது, அவர் பிரம்மச்சாரி ஆச்சே!"

தாய்லாந்தின் ராமாயணமான ராமகியனில் அவர் பிரம்மச்சாரி இல்லை. சேது அணை கட்டும்போது போட்ட கல்லெல்லாம் காணாமல் போகிறது. கடலுக்குள் இறங்கிப் பார்த்தால் ராவணன் மகள் சுவன்னமச்சா, பொன் மீன், ஆட்களை வைத்துக் கல்லைக் களவாடுகிறாள். சண்டை காதலாகிறது, கல் திரும்ப வருகிறது, பிள்ளையும் பிறக்கிறது. படகிலிருந்து இறங்கும் வரை மாமியார் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் "அந்த ராமாயணச் சுவர் ஓவியம் அரண்மனைக் கோயிலில் இருக்காமே, கூட்டிட்டுப் போ" என்று நின்றார். வெயிலில் மரகத புத்தர் கோயில் பிராகாரம் முழுக்க நடந்தார், முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரைமணி நேரப் படகு ஆட்டம் இழுத்துக்கொண்டு போன தூரம் அது.

இனி வயிற்றுப்பாட்டுக்கு வருகிறேன். எதிரணி இதைத் தொடவே இல்லை. ஒரு காலத்தில் இளவரசர்கள் பலர் அரண்மனையில் வாத்தியக் குழு வைத்திருந்தார்கள். அம்பாவாவில் பிறந்த ராநாட் மேதை லுவாங் பிரதித் பைரோ, 1881-ல் பிறந்தவர், அப்படி ஒரு இளவரசர் ஆதரவில்தான் மேலே வந்தார். 1932-ல் மன்னரின் முழு அதிகார ஆட்சி முடிந்தது. அரண்மனைக் கைகள் சுருங்கின. சரி, அரசாங்கம் காப்பாற்றும் என்கிறீர்களா? 1940-களில் பிரதமர் பிபுன் சொங்க்ராமின் அரசாங்கம் நவநாகரிகம் என்ற பெயரில் மரபு வாத்தியக்காரர்களுக்கு உரிமச் சீட்டு, கட்டுப்பாடு என்று நெருக்கியது. ராஜாவின் ஆதரவும் போய், அரசாங்கமும் முறைத்த பிறகு, சம்பளம் கொடுக்க யார் இருந்தார்கள்? கல்யாண வீடு, எரியூட்டுச் சடங்கு, கோயில் விழா, பள்ளிக்கூடம். அதோடு சுற்றுலா.

2019-ல் இந்த நாட்டுக்கு ஏறத்தாழ 4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். கொரோனா காலமான 2021-ல் 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. படகுகள் துறையில் கட்டிக் கிடந்தன. இறால் உரிப்பவனும் இல்லை, செல்ஃபிக்காரனும் இல்லை. எதிரணி ஆசைப்படும் அமைதி அப்போது முழுசாகக் கிடைத்தது. அந்த அமைதியில் எந்த மரபிசை மலர்ந்தது? நான் சொன்ன கிம் வாசிக்கும் பெண் அந்த நாட்களில் ஆன்லைனில் துணி விற்றாளாம். இப்போது பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிம் சொல்லிக்கொடுக்கிறாள், மாலையில் படகு. "தினமும் கை ஓடுது அக்கா, அதுவே சாதகம்" என்கிறாள்.

படகையே பாருங்கள். வயிறு பெருத்த தேக்கு மரப் படகுகள், வடக்கிலிருந்து நெல்லும் அரிசியும் ஏற்றி வந்தவை. குடும்பமே அதில் பிறந்து வளர்ந்தது. சாலையும் லாரியும் வந்ததும் கரையில் மக்கிப் போக இருந்தவற்றில் சிலவற்றை விருந்துதான் மீட்டது. அவற்றில் மேசை போட்டு, வாத்தியம் வைத்து ஓட்டுகிறார்கள். மூன்று மாடிக் கப்பலில் டிஜே வைத்து இந்திப் பாட்டு போடுகிறார்கள் என்று எதிரணி தம்பி பட்டியல் படித்தார். போடுகிறார்கள்தான். நம்மாட்கள்தான் முதலில் எழுந்து ஆடுகிறார்கள், அந்தத் தம்பி ஆடிய காணொளி என் போனில் இருக்கிறது. ஆனால் தலைப்பு மரபிசையைப் பற்றியது. டிஜே கப்பலைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால் அது நம் வழக்கிலேயே சேராது நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டீர்கள், இறங்குகிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. நாளையிலிருந்து படகில் வாசிக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மாதச் சம்பளம் எந்த அரங்கத்திலிருந்து வரும் என்று ஒரு விலாசமும் கையில் கொடுங்கள். கொடுக்க முடிந்தால் நானே அணி மாறிவிடுகிறேன்.