கோசி ஏரியின் மீன்வேலிகள்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடகோடியில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, நான்கு ஏரிகள் கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்து கடலைச் சேர்கின்றன. கோசி வளைகுடா என்று நாம் அழைக்கும் நீர்ப்பரப்பு இதுவே. தென்கோடியிலுள்ள அமன்சிம்நியாமா ஏரியைச் சதுப்புக் காடும் ராஃபியா பனைகளும் சூழ்ந்திருப்பதால், மட்கிய இலைகளின் சாறு இறங்கி, அதன் நன்னீர் கறுத்துக் கிடக்கிறது. கழிமுகத்தை நெருங்க நெருங்க நீர் உவர்ப்பேறித் தெளிகிறது. தெளிந்த அந்த ஆழமற்ற பகுதியில் தோங்கா மக்கள் பல தலைமுறைகளாகக் கட்டிவரும் மீன்வேலிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மடவை, கிரண்டர் போன்ற மீன்கள் கடலில் பிறந்து, குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. வேலி எதிர்கொள்வது திரும்பும் மீன்களைத்தான். கம்புகளை வரிசையாக ஊன்றி, இடையே சுள்ளிகளைக் கட்டி, கரையிலிருந்து வளைந்து செல்லுமாறு அமைத்த வேலியை ஒட்டியே நீந்தும் மீன், அதன் முனையிலுள்ள சிறிய அடைப்புக்குள் நுழைந்துவிடுகிறது. அடைப்பின் வாயிலில் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் வளையும் குச்சிகளை அது தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். வெளியே வர இயலாது. நம் ஊர்ப் பறியின் வாயும் இதே முறையில் அமைந்ததுதான். பின்னர் உரியவர் இறங்கிவந்து ஈட்டியால் குத்தி எடுத்துச் செல்வார்.

என்னை வியக்க வைப்பது சுள்ளிகளுக்கு இடையே விடப்படும் சந்து. சிறிய மீன்கள் அதன் வழியே தடையின்றிப் போய்விடுகின்றன. வேலிகளுக்கு இடையிலும் நீர்வழி திறந்தே இருப்பதால், வளர்ந்த மீன்களிலும் பல கடலை அடைந்து முட்டையிடுகின்றன. ஒவ்வொரு வேலியும் ஒரு குடும்பத்தின் உரிமையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதால், அடுத்த ஆண்டின் மீனும் அவர்களுடைய கணக்கில் இருக்கிறது. சுள்ளிக்குப் பதிலாக நைலான் வலையைக் கட்டினால் வேலை எளிதாகும், மீனும் கூடுதலாகச் சிக்கும். ஆனால் சந்து அடைபட்டுவிடும். டர்பன் குடாவில் கரைவலை இழுத்துப் பிழைத்த குடும்பங்களில் வந்த நமக்கு, அந்த இழப்பின் அளவை விளக்கத் தேவையில்லை.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1991இல் சேர்ந்த கோசி, இன்று இசிமங்கலிசோ உலகப் பாரம்பரியப் பூங்காவின் பகுதி. அங்கே செல்லும் அன்பர்கள் உள்ளூர் வழிகாட்டியுடனேயே செல்லுங்கள். நீர்யானையும் முதலையும் அந்நீரில் உண்டு. வேலிக் கம்புகளைத் தயவுசெய்து அசைக்காதீர்கள்.