கணினிக்கு மட்டும் ஏன் பழைய ஆட்டம்?

வணக்கம் நேயர்களே.

2021இல் ஃபிஃபா 22 என்ற கால்பந்து கேம் வெளிவந்தபோது அதில் பெரிதாகப் பேசப்பட்டது ஹைப்பர்மோஷன் என்ற தொழில்நுட்பம். இருபத்திரண்டு தொழில்முறை வீரர்களுக்குச் சென்சார் பொருத்திய உடையை மாட்டி, முழு வேகத்தில் ஒரு கால்பந்து ஆட்டம் ஆடவைத்து, அவர்களுடைய அசைவுகளைப் பதிவு செய்து கேமுக்குள் கொண்டுவந்தார்கள். டிவியில் இணைத்து ஆடும் கன்சோல்களான பிளேஸ்டேஷன் 5இல் அது இருந்தது, புதிய எக்ஸ்பாக்ஸிலும் இருந்தது. கணினிப் பதிப்பில் இல்லை. கணினி வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது முந்தைய தலைமுறை கன்சோலின் ஆட்டம். அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதைதான். ஃபிஃபா 23இல்தான் நிலைமை மாறியது. கூடைப்பந்தில் இன்னும் மோசம். என்பிஏ 2கே தொடரின் புதிய தலைமுறைப் பதிப்பு கணினிக்கு வர, 2024இல் 2கே25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஃபிஃபா கேம்களைச் செய்த இ.ஏ. நிறுவனம் சொன்ன காரணம், ரசிகர்களில் பலரிடம் அவ்வளவு சக்தியுள்ள கணினி இல்லை என்பது. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் வீரர் ஓடும் விதமே வேறாக இருந்தால் இரண்டு பேர் இணையத்தில் எப்படி மோதுவது? சரி. அப்படியென்றால் பழைய கன்சோலுக்கு ஒன்று, புதிய கன்சோலுக்கு ஒன்று என இரண்டு பதிப்புகளைச் செய்தவர்கள், கணினிக்கும் அதே இரண்டையும் கொடுத்திருக்கலாமே?

உண்மையான காரணம் உரிமத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. 2004 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) லீக்கான என்எஃப்எல்லுடன் இ.ஏ. தனியுரிமை ஒப்பந்தம் போட்டது. அணிப் பெயர்களும் வீரர் பெயர்களும் ஒரே கையில் போயின. அந்த ஆட்டத்துக்கான இ.ஏ.வின் கேம் தொடர் மேடன். 2007இல் வந்த மேடன் 08க்குப் பிறகு, 2018 வரை கணினிக்கு மேடன் வரவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்பப் போட்டியாளர் யாருக்கும் வழியில்லை. இ.ஏ.வின் ஐஸ் ஹாக்கித் தொடரும் என்ஹெச்எல் 09 கேமுடன் கணினியை விட்டுப் போனது. திருட்டுப் பிரதிகள், சரிந்த விற்பனை என்றெல்லாம் 2008இல் அந்த நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் பீட்டர் மூர் விளக்கினார். பழைய சரக்கையே அடுக்கிவைத்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று கடைக்காரர் குறைப்படுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கூட்டம் இல்லையா? நம் ஊர் பிரவுசிங் சென்டர்களை நினைத்துப் பாருங்கள். 2006இல் வந்த கிரிக்கெட் 07ஐ ஒரே கீபோர்டில் இரண்டு பேர் தோள் இடித்துக்கொண்டு ஆடினார்கள். ஒருவர் பந்து வீச, இன்னொருவர் அம்புக்குறிகளில் திசை பிடித்து அடிப்பார். இந்திய வீரர்களின் உண்மையான பெயர்கள்கூட அதில் இல்லை, ஐபிஎல் அப்போது பிறக்கவே இல்லை. இ.ஏ. அதோடு கிரிக்கெட்டைக் கைவிட்டது. ரசிகர்களோ விடவில்லை. பெயர்களைத் திருத்தினார்கள், சென்னை அணியின் மஞ்சள் உடையை வரைந்து சேர்த்தார்கள், ஆண்டுதோறும் புதிய அணிப் பட்டியலை ஏற்றினார்கள். சம்பளமில்லாமல் இப்படி ஒரு கேமை உயிரோடு வைத்திருந்த கூட்டத்தை எந்த வெளியீட்டாளரும் மதித்ததாகத் தெரியவில்லை. ஆண்டுக்கொரு முறை புதுப் பதிப்பு விற்பவருக்குப் பழைய கேம் நீண்ட நாள் வாழ்வது பிடிக்காது என்பதும் இதில் சேர்த்தி.

அந்தப் பிரதிகளில் பலவும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல, அதை மறைக்க வேண்டாம். ஆனால் இன்று பணம் வருவது வேறு வழியில். 2021 நிதியாண்டில் அல்டிமேட் டீம் என்ற ஒரு பகுதி மட்டும் இ.ஏ.க்கு 160 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. வீரர் அட்டைகளை வாங்கி அணி சேர்க்கும் அந்தப் பகுதி, நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். திருட்டுப் பிரதியில் ஓடாது. இப்போதைய உண்மையான தலைவலி ஏமாற்று மென்பொருள்கள். அதைச் சமாளிக்க ஃபிஃபா 23இல் தனிப் பாதுகாப்பு நிரலே சேர்த்தார்கள். செலவு செய்ய மனம் வந்தால் வழியும் கிடைக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படியும் 2024 ஜூலையில் இ.ஏ.வின் அமெரிக்கக் கால்பந்து கேமான காலேஜ் ஃபுட்பால் 25 கன்சோலுக்கு மட்டுமே வந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கணினிப் பதிப்பு எந்தத் தலைமுறை கேமிலிருந்து செய்யப்பட்டது என்பதை, விற்பனைப் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே, விலை அளவுக்குப் பெரிய எழுத்தில் போடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். நன்றி, வணக்கம்.