கணையம் செய்யுற வேலையும் பஸ் ஸ்டாண்ட் கடையும்

தலைமை தாங்குற தலைமையாசிரியை அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவுல முதல் ஆளா வந்து உக்காந்திருக்கிற ஊராட்சி மன்றத் தலைவர் அய்யா அவர்களே, மைக் செட்டுக்குக் காசே வேண்டாம்னு சொன்ன தம்பி, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் வணக்கம். ஹார்மோன், என்சைம், குடின்னு, வயித்துக்குப் பின்னால இருந்து செரிமான நீரைச் சுரக்குற கணையத்தைப் பத்தி மூணு விஷயம் பேச வந்திருக்கேன்.

1902 ஜனவரி, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். பேலிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு விஞ்ஞானிங்க, ஸ்டார்லிங் கூடப்பொறந்தவளைத்தான் பேலிஸ் கட்டியிருந்தாரு, ஆக மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே லேப்ல. வயித்து ஆசிட் குடலுக்கு இறங்கினதும் கணையம் சுரக்குதே, அதுக்கு யாரு தகவல் சொல்றது? நரம்புதான்னு ரஷ்யாவுல பாவ்லோவ்ங்கிற விஞ்ஞானி சொல்லிட்டாரு, பெரிய மனுஷன், யாரு மறுத்துப் பேசுவா? இவங்க மயக்கம் குடுத்த நாயோட குடல்ல ஒரு துண்டுக்குப் போற நரம்பை எல்லாம் அறுத்துட்டு, ரத்தக்குழாயை மட்டும் விட்டுட்டு, உள்ள ஆசிட்டை ஊத்தினாங்க, கொஞ்ச நேரத்துல கணையநீர் சொட்டுது! நரம்பே இல்லையே, எப்படி? உடனே ஸ்டார்லிங் குடலோட உள்தோலைச் சுரண்டி, மணலும் ஆசிட்டும் போட்டு அரைச்சு, வடிகட்டி, ரத்தத்துல ஏத்தினாரு, மறுபடியும் சொட்டுச்சு. ரத்தத்து வழியா போய்த் தகவல் சொன்ன அந்தப் பொருள்தான் செக்ரிட்டின். இந்த மாதிரிப் பொருளுக்கு ஹார்மோன்ங்கிற பேரும் 1905ல ஸ்டார்லிங் பேசின சொற்பொழிவுலதான் வந்துச்சு, அதுவும் இதே மாதிரி ஒரு மேடைதான்.

செக்ரிட்டின் வந்தா ஆசிட்டை அடக்குற பைகார்பனேட் தண்ணி வரும். கொழுப்பும் புரதமும் குடலுக்கு வந்தா கோலிசிஸ்டோகைனின்னு இன்னொரு ஹார்மோன், அது சொன்னா சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற என்சைம் வரும், மாவுச்சத்துக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைப்பேஸ், புரதத்துக்கு ட்ரிப்சின். இந்த மூணுல ட்ரிப்சினை மட்டும் கணையம் வீரியம் இல்லாமத்தான் அனுப்பும், குடலுக்குப் போனப்புறம்தான் அது வேலையைக் காட்டும். உள்ளேயே காட்டிடுச்சுன்னா கணையத்தையே செரிச்சிடும். எங்க அப்பத்தா அடிக்கடி சொல்றது, வேலியே பயிரை மேயுறது.

வருஷக்கணக்கா குடிக்கிறவங்கள்ல சில பேருக்குக் கணையம் இப்படித் தன்னையே செரிச்சுக்குதுங்க. மேல்வயித்துல வலி, முதுகு வரைக்கும் பாயும், மல்லாந்து படுக்க முடியாது, தலைகாணியை வயித்தோட கட்டிக்கிட்டு குனிஞ்சபடியே ராத்திரி பூரா உக்காந்திருப்பான், பொண்டாட்டி பக்கத்துலயே முழிச்சுக் கெடப்பா. பஸ் ஸ்டாண்ட்ல, ஸ்கூல் பிள்ளைங்க போற வழியில ஒயின்ஷாப், காப்பாத்த வேண்டியவங்களே விக்கிறாங்க, இதுவும் வேலியே பயிரை மேயுறதுதான், அந்தக் கடையை எடுத்தே ஆகணும்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போறோம். மனு வாசல் மேசையில இருக்கு, தலைவர் அய்யா முதல் கையெழுத்து போடணும்னு கேட்டுக்கறேன், எழுதத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைங்க, மை டப்பா பக்கத்துலயே இருக்கு.